படம் ஓடுது, சத்தம் வரலை: லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

யாருக்காவது லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் முதல் போன் அன்று இரவே வந்துவிடும். வைஃபை பற்றியோ பிரிண்டர் பற்றியோ இருக்காது. "இதுல படமே ஓட மாட்டேங்குது" என்பதாகத்தான் இருக்கும். அதில் முக்கால்வாசி எதுவும் பழுதாகி வருவதில்லை. லினக்ஸ் வெளியிடுபவர்கள் (உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று பல பெயர்களில் தருபவர்கள்) வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு துண்டு காரணமாக இருக்கும், இல்லையென்றால் சத்தம் வேறு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். எது என்று தெரியாமல், இணையத்தில் கிடைத்த பத்துக் கட்டளைகளை டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) வரிசையாக ஒட்டுவதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. எனவே கீழே எல்லாம் அறிகுறி வாரியாக. உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்: ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் டப்பாவின் பெயர். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் ரவை இருப்பது நம் சமையலறையில் புதிதல்ல. இங்கேயும் அதே கதைதான். ஒரு எம்பி4 ஃபைலுக்குள் படம் ஹெச்.264 ஆக இருக்கலாம், ஹெச்.265 ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். சத்தம் அதற்குள் தனியாக ஏஏசி, ஏசி3, ஓப்பஸ் என்று ஏதோ ஒன்றில் இருக்கும். இப்படிப் படத்தையும் சத்தத்தையும் சுருக்கி எழுதும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்; அதைத் திரும்ப விரிப்பது டீகோடர். "எம்பி4 ஓடவில்லை" என்று உதவி கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

விஎல்சி என்ற பிளேயரில் ஃபைலைத் திறந்து, கண்ட்ரோலையும் ஜேயையும் சேர்த்து அழுத்துங்கள். 'கோடெக்' என்ற தாவல் வரும். ஸ்ட்ரீம் 0, ஸ்ட்ரீம் 1 என்று படமும் சத்தமும் தனித்தனியாக இருக்கும்; ஒவ்வொன்றிலும் கோடெக் என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி3 ஒலியை விஎல்சி 'ஏ52' என்று காட்டும், குழம்ப வேண்டாம். ஃபைல் ஓடாவிட்டாலும் பெரும்பாலும் இந்தத் தகவல் மட்டும் வந்துவிடும். இந்த இரண்டு பெயர்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

"டீகோடர் தேவை, ஆனால் நிறுவப்படவில்லை" என்று செய்தி வருகிறது

உபுண்டுவின் பல பதிப்புகளோடு வந்த 'வீடியோஸ்' செயலியில் ஒரு படத்தைத் திறந்ததும் ஹெச்.264 டீகோடர், எம்பெக்-4 ஏஏசி டீகோடர் தேவை என்று ஒரு பெட்டி வரும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். படியுங்கள், என்ன குறை என்று அது நேராகவே சொல்கிறது.

ஏன் இல்லை? இந்த வடிவங்களை வாசிக்கும் மென்பொருள் கட்டற்றதாகவே கிடைக்கிறது. அப்படி ஒன்றான எஃப்எஃப்எம்பெக் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. தடையாக இருப்பது காப்புரிமை. 2003-இல் வந்த ஹெச்.264-க்கும், 2013-இல் வந்த ஹெச்.265-க்கும் காப்புரிமை வைத்திருப்பவர்கள் கட்டணம் கேட்கலாம். ஃபெடோராவுக்குப் பின்னால் நிற்கும் ரெட் ஹேட் ஓர் அமெரிக்க நிறுவனம் என்பதால் அங்கே எச்சரிக்கை அதிகம். எம்பி3-க்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் தன் எம்பி3 உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது; அதன் பிறகு எம்பி3 பாட்டு ஓடவில்லை என்ற புகார் அநேகமாகக் காணாமல் போனது. உரிமப் பிரச்சினையே இல்லாமல் பிறந்த வோர்பிஸ், ஃப்ளாக், ஓப்பஸ் ஆகியவை எந்த லினக்ஸிலும் முதல் நாளே ஓடும்.

உபுண்டுவில்: நிறுவும்போதே 'கூடுதல் ஊடக வடிவங்களுக்கான ஆதரவு' என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. போடாமல் விட்டவர்கள் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) நிறுவ வேண்டும். மூன்று சொற்களுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, சிறு கோடு. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. டெர்மினலில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாகப் போட்டால் புதியவர்கள் இரண்டு இடங்களில் மாட்டுவார்கள். ஒன்று, பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், அடித்து முடித்து எண்டர் தட்டுங்கள். இரண்டாவது, பாதியில் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் திரையை நிறைத்து வந்து நிற்கும். கீழே 'ஓகே' தெரியும், ஆனால் மவுஸால் எவ்வளவு தட்டினாலும் அசையாது. டேப் விசையை அழுத்தி ஓகேயை நிறம் மாறச் செய்து, பிறகு எண்டர். இங்கே பொறுமை இழந்து ஜன்னலை மூடிவிட்டால் நிறுவல் அரைகுறையாக நின்று, அடுத்த அப்டேட்டும் சிக்கிக்கொள்ளும்.

மின்ட்டில் வேலை சுலபம். 2016-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து மின்ட்டும் கோடெக்குகளை உள்ளே வைத்துத் தருவதில்லை. ஆனால் மெனுவில் 'இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ்' என்று நேராகவே இருக்கும். ஒரு கிளிக், ஒரு பாஸ்வேர்ட், முடிந்தது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் நான் மின்ட் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபெடோராவில்தான் கொஞ்சம் நடக்க வேண்டும். முதல் தடவை இயக்கும்போது 'மூன்றாம் தரப்பு களஞ்சியங்களை இயக்கவா?' என்று கேட்கும். களஞ்சியம் என்பது மென்பொருள்கள் இறங்கும் இணையக் கிடங்கு. ஆம் என்று சொன்னதோடு கோடெக்கும் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வராது, அது குரோம், என்விடியா டிரைவர், ஸ்டீம், ஃப்ளாட்ஹப் போன்றவற்றுக்கானது. கோடெக் வேண்டுமானால் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, ஃபெடோரா தரும் வெட்டப்பட்ட எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துவிட்டு முழு எஃப்எஃப்எம்பெக்கைப் போட வேண்டும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லையா? ஃப்ளாட்ஹப் என்ற செயலிக் கிடங்கிலிருந்து விஎல்சியைப் போட்டால் போதும், தனக்கு வேண்டியதை அதுவே கொண்டு வரும்.

டெபியனில் இந்தத் தலைவலி குறைவு.

விஎல்சியில் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை

இது பிழையே அல்ல, நல்ல துப்பு. ஃபைல் நன்றாக இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். க்நோம் (உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் வரும் திரைச்சூழல்) சார்ந்த செயலிகள் ஜிஸ்ட்ரீமர் என்ற அடுக்கின் வழியாக வேலை செய்கின்றன. அதற்குத் தனியாக 'லிபாவ்' செருகி வேண்டும். விஎல்சி எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மேலே சொன்ன கோடெக் பேக்கேஜ்கள் இந்தச் செருகியையும் சேர்த்தே போட்டுவிடும்.

விஎல்சியிலும் எம்பிவி என்ற இன்னொரு பிளேயரிலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ஃபைல்தான் பழுது. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம், பென்டிரைவைச் 'சேஃப்லி ரிமூவ்' செய்யாமல் பிடுங்கியிருக்கலாம். அதற்கு எந்த லினக்ஸும் மருந்து தராது. மறுபடி நகலெடுங்கள்.

சத்தம் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது

போனில் எடுத்த கல்யாண வீடியோவா? அநேகமாக ஹெச்.265தான், ஹெச்இவிசி என்றும் அதைச் சொல்வார்கள். ஐபோன்கள் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இந்த வடிவத்தில் பதிவு செய்கின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்தத் தேர்வு உண்டு. சத்தம் பெரும்பாலும் ஏஏசி; அதற்கான டீகோடர் மட்டும் உங்கள் சிஸ்டத்தில் இருந்தால் சத்தம் மட்டும் ஓடிவிடும். கோடெக் தாவலில் 'ஹெச்இவிசி' என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸை மட்டும் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம்: விண்டோஸ் 10-இலும் இதற்கான நீட்சியை ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள்.

தீர்வு அதே கோடெக் பேக்கேஜ்தான். அதைப் போட்ட பிறகும் கறுப்பாகவே இருந்தால், விஎல்சியின் ப்ரிஃபரன்சஸில் 'இன்புட்/கோடெக்ஸ்' பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டீகோடிங்கை (படத்தைப் பிரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவதை) நிறுத்திப் பாருங்கள். படம் வந்துவிட்டால் குறை கிராஃபிக்ஸ் டிரைவரில். ஃபெடோராவில் இது 2022 இறுதியில் வந்த 37-ஆம் பதிப்பிலிருந்து சகஜம்: ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான மீசா டிரைவரில் ஹெச்.264, ஹெச்.265 வசதியை எடுத்துவிட்டார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷனில் 'ஃப்ரீவேர்ல்ட்' என்று முடியும் மாற்று டிரைவர் இருக்கிறது.

அப்புறம், ஐபோன் வைத்திருப்பவரிடமே செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேடிபிள்' போடச் சொல்லலாம். இனி எடுப்பவை ஹெச்.264 ஆக வரும், ஹெச்இஐசி என்ற வடிவில் வரும் போட்டோத் தொல்லையும் அதோடு தீரும்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை

முதலில் வேறு ஒரு பாட்டைப் போடுங்கள். அதுவும் கேட்கவில்லையா? அப்படியானால் கோடெக்கை விடுங்கள், குறை ஒலி வெளியீட்டில். செட்டிங்ஸில் 'சவுண்ட்' போய் 'அவுட்புட்' எது என்று பாருங்கள். டிவியை ஹெச்டிஎம்ஐயில் இணைத்து எடுத்த பிறகு, அல்லது புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு, தேர்வு அங்கேயே நின்றுவிடுவது உண்டு. உள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

அவுட்புட்டில் 'டம்மி அவுட்புட்' என்று ஒன்று மட்டுமே இருந்தால் கதை வேறு: சவுண்ட் கார்டையே சிஸ்டம் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகளாக வரும் இன்டெல் லேப்டாப்புகளில் ஒலிக்கு 'சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்' என்ற தனிக் கோப்பு வேண்டும். பெயரில் 'சோஃப்' என்று வரும் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு, மறுபடி இயக்கிப் பாருங்கள். டெபியன் 12-இலிருந்து நிறுவும் வட்டிலேயே இப்படிப்பட்ட ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. பழைய வட்டை வைத்திருப்பவர்கள்தான் அல்லாடுகிறார்கள்.

மற்ற பாட்டெல்லாம் கேட்கிறது, இந்த ஒரு படம் மட்டும் ஊமை என்றால், கோடெக் தாவலில் சத்தத்தின் பெயரைப் பாருங்கள். ஏசி3, ஈ-ஏசி3, டிடிஎஸ் என்று இருந்தால் கோடெக் பேக்கேஜ் போடவில்லை என்று அர்த்தம். விஎல்சியில் 'ஆடியோ ட்ராக்' மெனுவையும் ஒருமுறை பாருங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல ட்ராக் உள்ள படங்களில் 'டிசேபிள்' தேர்வாகியிருந்தால் மணிக்கணக்கில் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

எனக்குப் பிடித்த அறிகுறி ஒன்று உண்டு: பின்னணி இசை அதிர்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. படம் 5.1 ஒலியில் இருக்கிறது. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். சவுண்ட் செட்டிங்ஸின் 'கான்ஃபிகரேஷன்' பட்டியலில் 'சரவுண்ட் 5.1' தேர்வாகியிருந்தால், சிஸ்டம் அந்த வசனத்தை உங்களிடம் இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 'ஸ்டீரியோ அவுட்புட்' என்று மாற்றினால் நடுச் சத்தம் இரண்டு பக்கமும் பிரிந்து வந்துவிடும்.

யூடியூப் ஓடுகிறது, மற்ற தளங்களில் வீடியோ ஓடவில்லை

பிரவுசரையே மாற்றிவிடலாமா என்று யோசிக்க வைக்கும் பிரச்சினை. யூடியூப் விபி9 அல்லது ஏவி1 படத்தையும் ஓப்பஸ் ஒலியையும் தரும். எல்லாம் கட்டணமில்லா வடிவங்கள். செய்தித் தளங்களும் சமூக வலைத்தளங்களும் பெரும்பாலும் ஹெச்.264, ஏஏசி. ஃபயர்பாக்ஸ் இந்த இரண்டுக்கும் சிஸ்டத்தில் உள்ள எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை எதிர்பார்க்கிறது. கோடெக்கைப் போட்டுவிட்டு ஃபயர்பாக்ஸை முழுவதுமாக மூடித் திறங்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்வது போதாது.

ஓடிடி தளங்கள் தனி ரகம். ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ளடக்கத்தை இயக்கு' என்பதில் டிக் வேண்டும். டிக் போட்டதும் வைட்வைன் என்ற மூடிய மென்பொருள் இறங்கும். லினக்ஸில் அது குறைந்த பாதுகாப்பு நிலையிலேயே வேலை செய்வதால், சில சேவைகள் உயர்ந்த தரத்தில் படத்தைத் தராது. அதை மாற்ற இங்கே ஒரு வழியும் இல்லை. ஓடிடியே பிரதானம் என்பவரிடம் இதை லினக்ஸ் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் அலறுகிறது

சிஸ்டம் மானிட்டரைத் திறந்துவைத்து வீடியோவை ஓட்டுங்கள். சிபியு 90 சதவீதத்துக்கு மேல் போனால், படத்தைப் பிரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்யாமல் சிபியுவே செய்கிறது. எம்பிவியில் ஓட்டிக்கொண்டே ஐ விசையை அழுத்தினால் விவரங்கள் வரும். ஹார்டுவேர் டீகோடிங் நடக்கிறதா என்று அதில் தெரியும்.

நடக்காததற்குக் காரணம் வயதாகவும் இருக்கலாம். இன்டெல்லில் விபி9-ஐ முழுதாகச் சிப்பிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையிலும், ஏவி1 பதினொன்றாம் தலைமுறையிலும்தான் வந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப கால இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் யூடியூப் திணறுவதற்கு லினக்ஸ் பொறுப்பல்ல. யூடியூப் அனுப்பும் வடிவம் அந்தச் சிப்புக்கு அந்நியம். வழி இருக்கிறது. 'ஹெச்264ஃபை' என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் ஹெச்.264-இலேயே அனுப்பும். தரத்தையும் 480 அல்லது 720-இல் நிறுத்தினால் பழைய லேப்டாப் நிம்மதியாக மூச்சு விடும்.

கட்டணமில்லா வடிவங்களை ஆதரிப்பவர்களுக்கு இது கசக்கும், எனக்கும்தான். ஆனால் புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்தில் படம் ஓடியாக வேண்டும்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டமும் கிறுக்கலும்

சப்டைட்டிலிலும் பாட்டின் பெயரிலும் வரும். 'தமிழ் சரியா வரலை' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இதில் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. கிறுக்கலின் முகத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம்.

வெறும் கட்டங்கள்: எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவைப் போட்டு, பிளேயரை மூடித் திறங்கள்.

மேலே சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ', அதை ஒட்டி வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி. இதே மூன்றும் வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறதா? யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை) தமிழைப் பிளேயர் ஐரோப்பிய எழுத்தாக எண்ணிப் படித்திருக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இரண்டாவதில் இரண்டே வகைதான் உண்டு. அதனால்தான் அந்த 'ஏ'யும் வட்ட 'ஆரு'ம் விடாமல் வருகின்றன. சப்டைட்டில் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் பிளேயர் அமைப்புதான் தவறு: விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பில் டீஃபால்ட் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். எடிட்டரிலும் கிறுக்கல்தான் என்றால், யாரோ தவறான என்கோடிங்கிலேயே சேமித்துவிட்டார்கள். வேறு பிரதியைத் தேடுவது சுலபம். எம்பி3 பாட்டின் பெயர் இப்படி வந்தால் கிட்3 போன்ற டேக் எடிட்டரில் திருத்தி, ஐடி3 (எம்பி3-க்குள் பாட்டின் விவரம் எழுதும் முறை) 2.3 பதிப்பில் யூனிகோடாகச் சேமியுங்கள்.

மூன்றாவது, கீபோர்டில் பூனை நடந்த மாதிரி சாதாரண ஆங்கில எழுத்துகள். நடுவில் 'ஜே கே பி ஓ', உடனே ஓர் அரைப்புள்ளி என்று எங்காவது தென்பட்டால் அது 'தமிழ்' என்ற சொல். ஃபைல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானது. என்கோடிங்கை மாற்றிப் பயனில்லை, கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமேதான். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் முழு உரையையும் கொடுத்து எடுக்க வேண்டும். சப்டைட்டில் என்றால் நேரக் குறிப்பு வரிகள் மாற்றியில் சிதைகின்றனவா என்று ஒரு கண் வையுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள அம்புக்குறி போனால் அந்த வரி திரையில் வராது.

விண்டோஸ் டிரைவில் உள்ள படங்கள் திறக்கவில்லை

லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கிறது, படங்கள் எல்லாம் டி டிரைவில். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் தொட்டால் பிழைச்செய்தி, அல்லது படிக்க மட்டும் முடிகிறது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்யும் வேலை இது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கிறது; அந்த நிலையில் டிரைவில் எழுதினால் தரவு கெடலாம் என்பதால் லினக்ஸ் கையை வைக்காது. விண்டோஸுக்குப் போய் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள். வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்யச் சொல்லும் கட்டளைகள் இணையத்தில் கிடைக்கும். வேண்டாம்.

டிவிடி ஓடவில்லை

இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய டிவிடிகள் பல பூட்டப்பட்டவை. திறக்க லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகம் வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் 'லிப்டிவிடி-பிகேஜி' பேக்கேஜைப் போட்டு, அது கேட்கும் கேள்விக்கு ஆம் சொன்னால் நூலகத்தை அதுவே கட்டிக்கொள்ளும். வெளிநாட்டு டிவிடி என்றால் மண்டல எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கு 5. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

நீங்கள் அனுப்பியது அவர்களிடம் ஓடவில்லை

க்நோமில் திரையைப் பதிவு செய்தால் பல பதிப்புகளில் வெப்எம் என்ற டப்பாவாகத்தான் வரும். அதை அப்படியே அனுப்பினால் மறுமுனையில் திறக்கத் தெரியாமல் விழிப்பார்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் 'ஃபாஸ்ட் 1080பி30' முன்னமைவைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், ஹெச்.264, ஏஏசி, எம்பி4 என்று எங்கும் ஓடும் ஃபைல் கிடைக்கும். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவுச் செயலியில் பதிந்த எம்கேவி என்றால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம்: உள்ளே ஏற்கெனவே ஹெச்.264தான் இருக்கும், மாற்ற வேண்டியது டப்பாவை மட்டும். ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல், நீளமான பதிவானாலும் சீக்கிரம் எம்பி4 ஆகிவிடும்.